யார் வீட்டுப் பிள்ளை?

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, கருத்தரங்கு ஒன்றுக்காக நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரத்துக்குப் போயிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ரயிலை விட்டு இறங்கி, மழையில் பாதி நனைந்து, பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள் நுழைகிறாள். கைப்பைக்குள் கிடந்த கைபேசி சிணுங்குகிறது. வாட்ஸாப்பில் அம்மா: "போய்ச் சேர்ந்திட்டியா பிள்ளை?"

வரவேற்பு மேசையில் அவள் எதையும் கேட்கவில்லை. விருந்தினர் பாஸ்வேர்டு அச்சிட்ட துண்டுத்தாளை யாரும் நீட்டவில்லை. உத்ரெக்டின் எந்தக் கணினியிலும் அவள் பெயர் கிடையாது. ஆனாலும் அங்கிருந்த வைஃபை அவளைச் சேர்த்துக்கொண்டுவிட்டது.

அந்த ஓரிரு நொடிக்குள் என்ன நடந்தது என்று மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். சுற்றியிருந்த அலைகளில் 'எடுரோம்' என்ற பெயரைக் கைபேசி கண்டது. பேராதனையிலும் வைஃபைக்கு அதே பெயர்தான். பழகிய வீடு என்று நினைத்துக் கதவைத் தட்டியது. உள்ளேயிருந்த சர்வர், யார் என்று கேட்டது. சரியாக அமைத்த கைபேசி அதற்குத் தன் பெயரைச் சொல்வதில்லை. மின்னஞ்சல் முகவரி போன்ற ஒன்றைச் சொல்லும். அதில் @ குறிக்கு முன்னால் 'அனானிமஸ்', அதாவது பெயரில்லை. பின்னால் பேராதனையின் இணைய முகவரி, 'எல்கே' என்று முடிவது.

உத்ரெக்டுக்கு அது தெரியாத ஊர். நெதர்லாந்தின் தேசிய சர்வருக்குத் தள்ளிவிட்டது. அதற்கும் அது அயல்நாடு. ஐரோப்பாவுக்கென்று இருக்கும் மேல்நிலை சர்வருக்கு அனுப்பியது. அப்படி இரண்டு வைத்திருக்கிறார்கள், ஒன்று நெதர்லாந்தில், இன்னொன்று டென்மார்க்கில். ஆசிய பசிபிக் பகுதிக்கானவை ஆஸ்திரேலியாவிலும் ஹாங்காங்கிலும் இருக்கின்றன. அங்கிருந்து இலங்கையில் லேர்ன் அமைப்பு நடத்தும் தேசிய சர்வர், அதிலிருந்து பேராதனை. தபால்காரர் உறையின் மேலிருக்கும் ஊர்ப்பெயரை மட்டும் பார்த்துப் பையில் போடுவது மாதிரிதான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வழியில் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் கைபேசியும் பேராதனையின் சர்வரும் இதற்குள் தங்களுக்கிடையே மறையாக்கிய ஒரு குழாயைப் போட்டுக்கொண்டுவிட்டன. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அந்தக் குழாய்க்குள்தான் போகின்றன. பேராதனை சரிபார்க்கிறது. வந்த வழியிலேயே பதில் திரும்புகிறது: ஆம், எங்கள் பிள்ளைதான். உத்ரெக்ட் கதவைத் திறக்கிறது.

அவள் கடவுச்சொல் உத்ரெக்டுக்குத் தெரியாது. பெயர்கூடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் வீடு மட்டும்தான்.

நம் ஊர்த் திண்ணைப் பெரியவர்கள் இந்தத் தொழில்நுட்பத்தை வெகுநாளாக வைத்திருக்கிறார்கள். தெருவில் புதிதாக ஒரு பையன் வந்தால் அவன் பெயரைக் கேட்கமாட்டார்கள். "யார் வீட்டுப் பிள்ளைப்பா நீ?" என்பார்கள். வீட்டின் பெயர் கிடைத்துவிட்டால் மோர் வரும். சொந்த நிறுவனத்தின் கணக்கைக் கொண்டே பிற தளங்களில் நுழையவிடும், பல்கலைக்கழகங்களின் கூட்டு அடையாள முறையிலும் தொடக்க காலத்திலிருந்து இப்படியொரு இணையப் பக்கம் உண்டு. ஆங்கிலத்தில் 'நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்' என்ற சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு வேஃப் என்று பெயரிட்டார்கள். பட்டியலிலிருந்து உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பக்கம் அது.

திண்ணைக் கேள்விக்கு இன்னொரு முகமும் இருப்பது நமக்குத் தெரியும். சாதியை நேராகக் கேட்கக் கூசுகிறவர்கள் கேட்பதும் இதே கேள்விதான். வீட்டை வைத்து ஆளை மதிக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் அந்த நிழல் உண்டு. அதை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே போவோம்.

கணினிக்குக் கடவுச்சொல் வந்ததே ஒரு பல்கலைக்கழகத்தில்தான். 1961-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, பலர் ஒரே நேரத்தில் ஒரே கணினியைப் பயன்படுத்தும் முறையை இயக்கிக் காட்டியது. ஆளுக்கு ஒரு கோப்புத் தொகுதி, அதற்கு ஒரு பூட்டு. அடுத்த ஆண்டே பூட்டு உடைந்தது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அவருக்கு அது போதவில்லை. கோப்புகளை அச்சிட்டுத் தரச் சொல்லும் துளையட்டை ஒன்றைக் கொடுத்து, கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சடித்து வாங்கிக்கொண்டார். பல பத்தாண்டுகள் கழித்து இதை அவரே சொன்னார்.

ஒரு கணினி, ஒரு பட்டியல் என்றிருந்தவரை இது வேடிக்கைக் கதை. 1990-களில் ஒரே ஆராய்ச்சியாளருக்கு நூலகம், ஆய்விதழ்கள், தரவுக் களஞ்சியம், பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் கணினி என்று பத்துப் பூட்டுகள் சேர்ந்துவிட்டன. பத்துக்கும் ஒரே சாவியை வைத்தார்கள். எதில் திருடு போனாலும் எல்லாம் போகும்.

ஆய்விதழ்ப் பதிப்பாளர்கள் வேறொரு வழியைப் பிடித்தார்கள், அது இன்றும் பரவலாக இருக்கிறது. ஆளைப் பார்க்காதே, எந்த வளாகத்தின் ஐபி முகவரியிலிருந்து வருகிறான் என்று பார். வளாகத்துக்குள் நின்றால் உரிமை, வாசலைத் தாண்டினால் இல்லை. இதன் பலவீனம் 2010-ல் எம்ஐடியிலேயே வெளிப்பட்டது. ஆரன் சுவார்ட்ஸ் என்ற இளைஞர் அங்கே விருந்தினர் வலையமைப்பில் 'கேரி ஹோஸ்ட்' என்ற பெயரில் மடிக்கணினியைப் பதிந்துகொண்டு, ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்திலிருந்து லட்சக்கணக்கான கட்டுரைகளைத் தானியங்கியாக இறக்கினார். முதலெழுத்தையும் குடும்பப் பெயரையும் சேர்த்துப் படித்தால் 'கோஸ்ட்', பேய். யார் இறக்குகிறார் என்று ஜேஸ்டோருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தது எம்ஐடி என்பது மட்டும். ஒரு கட்டத்தில் எம்ஐடி முழுவதற்கும் சில நாள்கள் கதவை மூடிவிட்டார்கள். ஒருவரை நிறுத்த ஆயிரக்கணக்கானவர்களை நிறுத்த வேண்டியிருந்தது. சுவார்ட்ஸின் மேல் போட்ட வழக்கும் 2013-ல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டதும் தனிக் கதை. அந்த வழக்கின் கடுமையை நான் ஏற்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

வீட்டைக் கேட்கும் வழி இதற்குள் உருவாகியிருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இன்டர்நெட்2 அமைப்பு 2000-ல் தொடங்கிய திட்டம் அது. மென்பொருளின் முதல் பதிப்பு 2003-ல் வந்தது. பெயர் ஷிபோலெத்.

பெயரில் ஒரு குரூரம் இருக்கிறது. விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூலில் வரும் கதை. போரில் தோற்ற எப்பிராயீமியர் யோர்தான் ஆற்றுத்துறையைக் கடந்து தப்பப் பார்க்கிறார்கள். துறையைக் காத்த கீலேயாத்தியர், ஒவ்வொருவனையும் ஷிபோலெத் என்று சொல்லச் சொல்கிறார்கள். எப்பிராயீமியர் நாக்கில் 'ஷ' வராது, 'சிபோலெத்' என்பார்கள். சொன்னவன் அங்கேயே வெட்டுப்படுவான். இப்படி 42,000 பேர் மாண்டதாகக் கதை சொல்கிறது. 'வாழைப்பழம்' சொல்லு பார்க்கலாம் என்று சீண்டி விளையாடும் நமக்கு இந்தச் சோதனை புரியும், அங்கே அது உயிரை வாங்கும் விளையாட்டாக ஆகிவிட்டது என்பதுதான் வேறுபாடு.

மென்பொருள் செய்வதோ இதற்கு நேர் எதிர். துறையில் நிற்கும் காவலன் உங்கள் நாக்கைச் சோதிப்பதில்லை. உங்களை உங்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறான். அங்கே போய் நிரூபித்துவிட்டு, ஒரு சீட்டு வாங்கி வா என்கிறான். 2005-ல் முழு வடிவம் பெற்ற சாமெல் என்ற தரம், அந்தச் சீட்டு எப்படி எழுதப்பட வேண்டும் என்பதை வகுத்தது.

அந்தச் சீட்டு எனக்கு நகரத்தார் உண்டியலைத்தான் நினைவூட்டும். கோயில் உண்டியல் இல்லை. செட்டிநாட்டுக் கடை ஒன்றில் எழுதிக் கையெழுத்திட்டு, ரங்கூனில் இன்னொரு கடையில் காட்டிப் பணம் வாங்கிக்கொள்ளும் தாள். கொண்டுவருகிறவனை ரங்கூன் கடைக்காரருக்குத் தெரிய வேண்டாம், எழுதிய கடையைத் தெரிந்தால் போதும். சாமெல் சீட்டிலும் எழுதிய வீட்டின் மின்கையெழுத்து இருக்கும். எந்தக் கடைக்கு எழுதியது என்று இருக்கும், வேறு கடையில் செல்லாது. எப்போதுவரை செல்லும் என்றும் இருக்கும், பெரும்பாலும் சில நிமிடங்கள்தான். வழியில் யாராவது பிடுங்கினாலும் அவனுக்கு உபயோகப்படுவதற்குள் காலாவதி.

சீட்டில் என்ன எழுதுவது என்பதுதான் நுட்பமான இடம். ஆய்விதழ் படிக்க வருகிறவரின் பெயர் பதிப்பாளருக்கு எதற்கு? 'இந்தப் பல்கலைக்கழகத்தின் உறுப்பினர்' என்று ஒரு வரி போதும். திரும்ப வரும்போது அடையாளம் காண வேண்டுமானால், பொருளற்ற எழுத்துக் கோவை ஒன்றைத் தரலாம். அதுவும் ஒவ்வொரு கடைக்கும் வேறு வேறு. இரண்டு பதிப்பாளர்கள் தங்கள் பதிவேடுகளை ஒப்பிட்டாலும் இருவரிடமும் வந்தது ஒரே ஆள்தான் என்று அந்தக் கோவையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இன்று எங்கு பார்த்தாலும் 'கூகுள் மூலம் நுழையுங்கள்' என்ற பொத்தான் இருக்கிறதே, அதுவும் இதே குடும்பத்துத் தொழில்நுட்பம்தான். ஆனால் அங்கே எல்லோருக்கும் ஒரே வீடு. எந்தெந்தக் கடைக்குப் போனீர்கள் என்று அந்த ஒரு வீட்டுக்குத் தெரியும். பல்கலைக்கழகங்கள் பல வீடுகளாகவே இருக்கத் தீர்மானித்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதே காலத்தில், 2002-ல், நெதர்லாந்தின் கல்வி வலையமைப்பான சர்ஃப்நெட்டில் இருந்த கிளாஸ் விரெங்கா வைஃபைக்கு இந்த யோசனையைச் சொன்னார். அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் அதன் அழகு. தொலைபேசிக் கம்பி வழியே இணையத்துக்கு டயல் செய்த காலத்தில், 1991-ல், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் மெரிட் வலையமைப்புக்காக ரேடியஸ் என்ற முறை உருவானது. அழைப்பவர் யார் என்று கேட்டுச் சொல்வது அதன் வேலை. விரெங்கா அந்தப் பழைய முறையை அடுக்கடுக்காகக் கோத்தார். அதுதான் எடுரோம். ஐரோப்பாவில் ஆறு நாடுகளின் நிறுவனங்கள் முதலில் சேர்ந்தன. 2004 டிசம்பரில் ஆஸ்திரேலியா வந்தது. இன்று நூறு நாடுகளைத் தாண்டிவிட்டது. இந்தியாவில் அதை எர்நெட் அமைப்பு நடத்துகிறது.

ஓட்டை இல்லாமலும் இல்லை. மறையாக்கிய குழாயைப் போடும் முன், மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே தன் வீட்டு சர்வர்தானா என்று கைபேசி அதன் சான்றிதழைப் பார்க்க வேண்டும். நம்மில் பலர் என்ன செய்கிறோம்? கைபேசியில் கையாலேயே விவரங்களை நிரப்புகிறோம். சான்றிதழ் என்ற இடத்தில் 'சரிபார்க்க வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் உடனே வேலை செய்கிறது, அதையே நண்பனுக்கும் சொல்லிக்கொடுக்கிறோம். கல்லூரிக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்து யாராவது 'எடுரோம்' என்று பெயரிட்ட போலிக் கருவி ஒன்றை இயக்கினால், அப்படி அமைத்த கைபேசி அதனிடமும் பேசப் போய்விடும். நிறுவனம் தரும் அமைப்புக் கோப்பையோ எடுரோமின் செயலியையோ கொண்டு சேர்ந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஐந்து நிமிட வேலை.

ஒரு வீடு தரும் சீட்டை முன்பின் அறியாத கடை எப்படி நம்புகிறது? இங்கே மந்திரம் ஒன்றுமில்லை, ஒரு பட்டியல்தான். ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கூட்டமைப்பு, தன்னிடம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நிறுவனங்களின் முகவரியையும், சீட்டைச் சரிபார்க்கும் பொதுத் திறவுகோலையும் பட்டியலாக வைத்திருக்கிறது. அமெரிக்காவில் இன்காமன், சுவிட்சர்லாந்தில் ஸ்விட்ச், இந்தியாவில் காந்திநகரின் இன்ஃப்லிப்நெட் நடத்தும் இன்ஃபெட். 2011-ல் செயல்பாட்டுக்கு வந்த எடுகெயின், இந்தத் தேசியப் பட்டியல்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, தானும் கையெழுத்திட்டு வெளியிடுகிறது. சுமார் எண்பது நாட்டுக் கூட்டமைப்புகள், பல ஆயிரம் வீடுகளும் கடைகளும் அதில் இருக்கின்றன. மனிதர் படிக்க லாயக்கில்லாத மாபெரும் எக்ஸ்எம்எல் கோப்பு அது. உலகப் பல்கலைக்கழகங்களின் பரஸ்பர நம்பிக்கை மொத்தமும் அந்தக் கோப்பில்தான் குடியிருக்கிறது.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. எனக்கே நடந்தது. வெளிநாட்டுத் தரவுக் களஞ்சியம் ஒன்றில் நுழையப் போனேன். பட்டியலில் எங்கள் நிறுவனம் இருந்தது, ஒரே சந்தோஷம். கடவுச்சொல்லைத் தட்டினேன், சரியென்றது. அடுத்த பக்கம்: உங்கள் நிறுவனம் தேவையான விவரங்களை அனுப்பவில்லை. கணினி மையத்துக்குப் போன் போட்டேன்.

"சார், உங்க பேரும் மெயிலும் வெளியே போகக்கூடாதுன்னு செட்டிங்ல இருக்கு. மாத்தணும்னா மேல கையெழுத்து வாங்கணும்."

"என் பேரும் மெயிலும் நம்ம வெப்சைட்லயே இருக்கே தம்பி?"

"அது வேற சார்."

இது என் தலையெழுத்து மட்டும் இல்லை, உலகம் முழுக்க இந்த முறையின் பெரிய இடைஞ்சல் இதுதான். ஆய்விதழ் கடைக்குப் பெயர் வேண்டாம், சரி. ஆனால் கூட்டாக ஆராய்ச்சி செய்யும் தளத்தில் தரவை மாற்றுகிறவர் யார் என்று தெரியாமல் எப்படி? கடை கேட்கிறது, வீடு வாயைத் திறக்க மறுக்கிறது. தயக்கத்துக்குக் காரணம் சில நேரம் தனியுரிமைச் சட்டம், பல நேரம் யாரும் பொறுப்பெடுக்காதது. ஆராய்ச்சிக்கான தளம் என்று கூட்டமைப்பே சோதித்து முத்திரை குத்திய கடைகளுக்குப் பெயர், மின்னஞ்சல், அடையாள எண் ஆகியவற்றைத் தானாகவே தரலாம் என்று ஒரு பொது ஏற்பாடு இருக்கிறது. ஏற்றுக்கொண்ட வீடுகளில் அது அருமையாக ஓடுகிறது.

பெருங்குழு அறிவியலுக்கு இது வசதிப் பிரச்சினை மட்டுமல்ல. ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015-ல் செர்ன் ஆய்வகத்தின் இரண்டு குழுக்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கக் கட்டுரையில் 24 பக்கம் ஆசிரியர்களும் அவர்களுடைய நிறுவனங்களும்தான். அந்தத் தரவை அலசும் கணினி மையங்கள் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 170. ஒவ்வொரு மையமும் ஐயாயிரம் பேருக்குக் கணக்குத் திறந்து, வேலையை விட்டுப் போனவர்களுக்கு மூடிக்கொண்டிருந்தால் இயற்பியலுக்கு நேரம் ஏது? நெடுங்காலம் அங்கே ஆளுக்கொரு மின்சான்றிதழ் என்ற முறை நடந்தது. அடையாள அட்டையுடன் பதிவு அதிகாரி முன் நேரில் போய் நிற்க வேண்டும். அதிகபட்சம் பதின்மூன்று மாதத்தில் காலாவதியாகும். பிறகு உலாவியிலிருந்து கோப்பை ஏற்றுமதி செய்து, வடிவம் மாற்றி, சரியான இடத்தில் வைக்க வேண்டும். காலாவதித் தேதியை மறந்தவர்களின் கணக்கீடு நள்ளிரவில் நின்றுபோகும். வீட்டுக் கடவுச்சொல்லோடு நுழைந்து, உள்ளே போன பிறகு குழுவின் உறுப்பினரா, என்ன பொறுப்பு என்பதைக் குழுவே முடிவு செய்வது இதைவிட எவ்வளவோ இதம். யார் என்பதை வீடு சொல்லட்டும், என்ன செய்யலாம் என்பதைக் குழு சொல்லட்டும்.

ஒரு வீட்டுக் கதவு திறந்து கிடந்தால் ஊருக்கே ஆபத்து என்பதும் உண்மை. 2020 மே மாதம் எடின்பரோவின் ஆர்ச்சர் உள்ளிட்ட ஐரோப்பாவின் பல மீக்கணினிகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. போலந்து, கனடா, சீனா ஆகிய நாட்டுப் பல்கலைக்கழகப் பயனர்களிடம் திருடிய நுழைவு விவரங்களைக் கொண்டு தாக்கியவர்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவியதாக ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். அது சாமெல் சீட்டு வழியே நடந்த திருட்டு அல்ல, பழைய பாணிச் சாவிகள். ஆனாலும் பாடம் பொது. இரவு இரண்டு மணிக்கு ஒரு கணக்கு களவு போனது தெரிந்தால், அந்த வீட்டில் யாரைக் கூப்பிடுவது? இதற்காகவே சிர்ட்ஃபி என்ற உடன்பாடு இருக்கிறது. அதில் சேரும் வீடு, பாதுகாப்புத் தொடர்புக்கு ஆள் யார் என்று பட்டியலில் எழுதிவைக்க வேண்டும், கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

இந்தியாவுக்கு இது இப்போது நெருக்கமான விஷயம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், மூன்று ஆண்டுக்கு ரூ. 6,000 கோடியில், 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் 6,300 அரசு நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. ஒருங்கிணைப்பது இன்ஃப்லிப்நெட். வளாகத்துக்குள் உட்கார்ந்தால் ஐபி முகவரி போதும். விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவி வீட்டுத் திண்ணையிலிருந்து படிக்க வேண்டுமானால் அவள் கல்லூரி தன் பிள்ளை இவள் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சந்தாவுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு துளி, கல்லூரிகளின் கணினி மையங்களுக்குப் போனால் தேவலை.

வீடே இல்லாதவர்கள்? ஓய்வுபெற்ற பேராசிரியர், எந்த நிறுவனத்திலும் இல்லாத கல்வெட்டு ஆய்வாளர், வேலை ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்காமல் இருக்கும் முனைவர். இவர்களுக்காகச் சில தளங்கள் ஆர்கிட் எண்ணையும் ஏற்கின்றன. 2012-ல் தொடங்கிய ஆர்கிட், ஆராய்ச்சியாளருக்கு வாழ்நாள் முழுவதும் கூட வரும் பதினாறு இலக்க எண் தருகிறது. முதலெழுத்தோடு பெயர் வைக்கும் நமக்கு அது பெரிய உபகாரம். 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் ஒரு இதழில் அப்பா பெயரையும் இன்னொன்றில் தன் பெயரையும் போட்டு, இரண்டு ஆளாகப் பிரிந்துபோன தமிழ் ஆராய்ச்சியாளர்கள் ஏராளம். ஆனால் ஆர்கிட் எண், இவர் இவர்தான் என்று மட்டும் சொல்லும். இவருக்கு நாங்கள் பொறுப்பு என்று சொல்லாது. அதைச் சொல்ல வீடு வேண்டும். அதனால் பல கதவுகள் ஆர்கிட்டுக்குத் திறப்பதில்லை.

உத்ரெக்டுக்குப் போன மாணவியும் ஒருநாள் பட்டம் வாங்குவாள். பேராதனை தன் பட்டியலிலிருந்து அவளை நீக்கும், நீக்கத்தான் வேண்டும். கைபேசிக்கு அது தெரியாது. ஏதோ ஒரு நகரத்தில், ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் சுவரோரமாக அவள் நடந்துபோகும்போது, பையில் கிடக்கும் அது பழக்கப்பட்ட பெயரைக் கண்டு கதவைத் தட்டும். கேள்வி நாடு நாடாகத் தாண்டிப் பேராதனைக்குப் போகும். இல்லை என்ற பதில் அதே வழியில் திரும்பி வரும். அடுத்த தெருவில் கைபேசி மறுபடியும் தட்டும்.